இருபது நிமிட ஜெபமும் ஒரு சொம்புத் தண்ணீரும்

எங்கள் சபையில் கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகாத ஜோடிகளுக்கென்று தனியாக ஒரு கூட்டம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், சுண்டலும் டீயும் வைத்து நடக்கும். இந்த வருஷம் லெந்து தொடங்கிய வாரம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு தொடங்கிய வாரம், குருவானவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: “கறியை விட்டேன், காபியை விட்டேன்னு இந்தத் தடவை யாரும் என்கிட்ட வராதீங்க. உங்களால யார் மனசு நொந்துபோயிருக்கோ, அந்த வீட்டுக்கு ஜோடியாப் போயிட்டு வாங்க. வந்து ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. சபை இதழ்ல போடுவோம்.”

மற்ற ஜோடிகளுக்கெல்லாம் அடுத்த தெரு, மிஞ்சிப்போனால் அடுத்த ஊர். ஒருத்தன் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டு அரைமணி நேரத்தில் திரும்பி வந்து மிச்சச் சுண்டலையும் தின்றான். எங்களுக்கு மட்டும் அருப்புக்கோட்டை தாண்டி, திருச்சுழிப் பக்கம். அவர் கேட்டது ரெண்டு பக்கம். நான் எதையும் சுருக்கமாக முடித்தவன் இல்லை. இந்தப் பயணமே அதனால் வந்ததுதான்.

நான் ஏரலில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிறவன். என் மனைவி எஸ்தர் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தேன். அப்போது ஒரே அறையில், ஒரே சோற்றுப் பானையில் என்னோடு கிடந்தவன் ரெங்கன். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டு விவசாயி மகன். மூன்று வருஷத்துக்கு முன்னால், எங்களுக்குக் கல்யாணமான நாலாம் மாதம், அவனுக்குக் கல்யாணம். அருப்புக்கோட்டையில் மண்டபம். புதன்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் முகூர்த்தம். பன்னிரண்டு அடித்தால் ராகுகாலம்.

பெண் அலங்காரம், மாப்பிள்ளை ஊர்வலம் என்று எல்லாம் இழுத்துக்கொண்டே போய், தாலி தட்டில் வரும்போது மணி பன்னிரண்டுக்குப் பதினைந்து நிமிஷம். அந்த நேரம் பார்த்து ரெங்கன், “ஏலே அருளு, ரெண்டு வார்த்தை வாழ்த்திச் சொல்லுலே” என்று மைக்கைக் கையில் கொடுத்தான். புது மாப்பிள்ளை நான். புதுசாக வாலிபர் கூட்டத்துக்குத் தலைவரும் ஆகியிருந்தேன். ரெண்டு வார்த்தை எனக்குப் போதுமா? கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தேன். பெண்ணுக்காக, மாப்பிள்ளைக்காக, ரெண்டு பக்கத்துப் பெற்றோருக்காக. அதோடு விட்டிருக்கலாம். அப்புறம் மழைக்காக, கண்மாய்க்காக, ஆடு மாடுகளுக்காக, விளையப்போகும் மிளகாய்க்காக, கடைசியில் ரெங்கனின் பைக் என்ஜினுக்காக. கண்ணைத் திறந்தபோது நாதஸ்வரக்காரர் வாயில் நாதஸ்வரத்தை வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டு ஐந்து.

இருபது நிமிஷம். யாரும் என் தோளைத் தொடவில்லை. ஒருவர் இருமக்கூட இல்லை. தாலியை ராகுகாலத்தில்தான் கட்டினான்.

நாங்கள் அதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரு சட்டம்: சோற்றில் ஆவி அடங்குவதற்குள் ஜெபம் முடிய வேண்டும். போட்டவள் எஸ்தர். ஆனால் கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம் ரெங்கனுக்குப் போன் பண்ணினால், வழக்கம்போல் அவன் சிரிக்கவில்லை.

“ஒனக்கு வேடிக்கைலே. இங்க மோட்டார் எரிஞ்சா, ‘ராகுகாலத் தாலி’. எருமை செத்தா, ‘ராகுகாலத் தாலி’. பிள்ளை தங்கலைன்னா கேக்கவே வேணாம். ஒன்னய யாரு திட்டுறா? எம்பொண்டாட்டி மாரீஸ்வரியத்தான் திட்டுறாக. இப்ப தங்கச்சிக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். மொதப் பத்திரிகை மூத்த மருமக கையாலதான் குடுக்கணும், அது எங்க வீட்டு வழக்கம். அப்பா, ‘அவ பத்திரிகைத் தட்டத் தொடக் கூடாது’ன்னுட்டாரு.”

போனை வைத்த பிறகு எஸ்தர் என்னைப் பார்த்தாள். “வாழ்த்துனது நீங்க. திட்டு வாங்குனது அவளா?” என்றாள். பை எடுத்தோம்.

வியாழன்.

எங்கள் ஊரில் வாழைத்தோட்டமும் ஆறும் முடிந்து செக்கச்செவேலென்று தேரிமண் வரும், அது முடிந்து கடல் வரும். இங்கே கரிசல் வந்தால் கரிசல்தான். ஜன்னல் வழியே பார்த்தால் உழுது போட்ட கறுப்பு மண், அதற்கு வேலி கட்டினதுபோல் சீமைக்கருவேலம், நடுவில் ஒற்றை வேம்பு. ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து பார்த்தேன். அதே வேம்புதானோ என்று சந்தேகமாக இருந்தது.

பக்கத்தில் மல்லிச் சாக்கை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாவிடம், “இங்க மழை எப்படிம்மா?” என்று கேட்டேன். “மாப்பிள்ளை மாதிரி. வாரேன் வாரேன்னு போன்ல சொல்லும்” என்றார். எனக்கு ஊர்ச் சொலவடை என்றால் உயிர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி நோட்டு வைத்திருப்பேன். எழுதிக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் இறங்குகிற இடத்தைக் கவனிக்கவில்லை. கண்டக்டர் எங்களை அருப்புக்கோட்டைப் பைபாஸில் இறக்கிவிட்டார். “டவுனுக்குள்ள போகாதா?” என்றால், “போகும். இந்த பஸ்ஸு போகாது” என்றார். ஊருக்குள் நடந்து சேர்வதற்குள் கிராமத்துப் பக்கம் போகும் கடைசி மினி பஸ் போய்விட்டது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம்.

ராத்திரிச் சாப்பாடு பரோட்டா. நோன்பு நாற்பது நாளும் எங்களுக்குக் கறி கிடையாது. எஸ்தர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, “அண்ணே, கறி போடாத சால்னா இருக்கா?” என்று கேட்டாள்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். “யக்கா, பதினஞ்சு வருசமா இங்க ஊத்துறேன். எங்க சால்னாவுல கறி இருந்துச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூடச் சொன்னதில்ல. தைரியமாச் சாப்பிடுங்க.”

பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் பரோட்டாவைப் பிய்த்தபடியே, “உண்மையத்தான் சொல்றான்” என்றார்.

ஆனாலும் எஸ்தர் சீனி தொட்டுத்தான் தின்றாள்.

படுக்கப் போகுமுன் ஒரு தீர்மானம் செய்தோம். மறுநாள் வெள்ளி. லெந்து வெள்ளிகளில் சாயங்காலம் ஆறு மணி வரை பச்சைத் தண்ணீர் கூட இல்லாமல் உபவாசம் இருப்பது எங்கள் வழக்கம். உபவாசத்தை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்பது சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தது. வாடின முகத்தோடு திரிந்தால் அது மனுஷர் பார்க்கப் பிடிக்கிற நோன்பு. ஆகவே முகம் கழுவி, தலை சீவி, பவுடர் போட்டு, வாய் திறக்காமல் இருக்க வேண்டும். “ரெங்கன்கிட்டக்கூடச் சொல்லக் கூடாது” என்றேன். “சரி” என்றாள் எஸ்தர். நல்ல தீர்மானங்கள் எப்படியெல்லாம் காலை வாரும் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

வெள்ளி.

காலை பஸ்ஸில் எம்.ரெட்டியபட்டியில் இறங்கியபோது மணி ஒன்பதேகால். அங்கிருந்து உள்ளே ஷேர் ஆட்டோ. டிரைவர் ஆள் சேரக் காத்திருந்தார். நாங்கள் ரெண்டு பேர், உரமூட்டை ஒன்று, கோழிக்கூடை ஒன்று, அதற்குரியவர் ஒருவர்.

“நல்ல காரியமாப் போறீகளா?” என்று டிரைவர் கேட்டார்.

“ஆமாண்ணே. சமாதானம் பேச.”

“அப்ப பத்தரைக்கு முன்னாடி போயிரணும். வெள்ளிக்கெழம பத்தரை-பன்னண்டு ராகுகாலம்.”

எஸ்தர் என் தொடையில் கிள்ளினாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு இந்த அறிவைப் புகட்ட ஒரு ஆட்டோக்காரர் கிடைத்திருந்தால்!

பாதி வழியில் ‘புஸ்’ஸென்றது. கருவேல முள். விரல் நீளம், டயருக்குள் குடியேறினதுபோல் நேராக நின்றது. டிரைவர் அதைப் பிடுங்கி வெயிலில் உயர்த்திக் காட்டினார். “இது ஏழை பணக்காரன் பாக்காது. கலெக்டர் ஜீப்பாருந்தாலும் குத்தும், கட்டவண்டியாருந்தாலும் குத்தும். எங்க ஊர்ல சமத்துவம் இது ஒண்ணுதான்.” நோட்டை எடுத்தேன். “எழுதுறது அப்புறம். தள்ளுங்க” என்றார்.

மாற்று டயரும் இருந்தது, அதிலும் காற்று இல்லை. உரமூட்டையையும் கோழியையும் ஏற்றியபடி ஒரு கிலோமீட்டர் தள்ளினோம். வெயில் தலையில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தது. கோழிக்காரர் தள்ளவில்லை. “கூடையப் பிடிக்கணும்ல” என்றார். பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் இளநீர் விற்றார்கள். நானும் எஸ்தரும் இளநீரைப் பார்க்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பவுடர் எல்லாம் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

ரெங்கன் வீட்டு வாசலில் இறங்கும்போது மணி பத்து ஐம்பது. ராகுகாலம் பிறந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. இருபது என்ற எண் என்னை விடுவதாக இல்லை.

வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் ரெங்கனின் அப்பா கோபால்சாமி அய்யா உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, கையில் பழைய கடிகாரம். எங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார்.

“வாங்க” என்றார். “நேரம் பாத்து வர்ற பழக்கம் ஒங்களுக்கு இன்னும் வரல போலருக்கு.”

ரெங்கன் உள்ளேயிருந்து ஓடி வந்தான். “டயரு பஞ்சராம்ப்பா” என்றான். அவர் எழுந்து உள்ளே போனார். அவரே திரும்பி வந்தார், கையில் பித்தளைச் சொம்பு. அதை என் முன்னால் நீட்டினார்.

“பேச்சுப் பன்னண்டுக்கு மேல வச்சுக்கிருவோம். தண்ணிக்கு ராகுகாலம் கெடையாது. குடிங்க.”

தொண்டை காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. சொம்பின் வெளியெல்லாம் வேர்த்திருந்தது, பானைத் தண்ணீர். ஆனால் நேற்று ராத்திரித் தீர்மானம்! நான் சிரித்த முகத்தோடு, “இப்பத்தான் அய்யா வழியில குடிச்சோம்” என்றேன். உபவாசத்தை மறைக்கப் போய் ஒரு பொய்.

அவர் சொம்பை எஸ்தர் பக்கம் நீட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். “இருக்கட்டும் அய்யா” என்றாள்.

உள்ளேயிருந்து ரெங்கனின் அம்மா மோர் கொண்டுவந்தார். “மோரு வயித்துக்கு ஒத்துக்கிராதும்மா” என்றேன். ரெண்டாவது பொய். “அப்ப கருப்பட்டிக் காப்பி?” என்றார். “காபி விட்டுட்டேன்” என்றேன். அது மட்டும் உண்மை. ஆனால் அதற்குள் முற்றத்தில் காற்று நின்றுபோயிருந்தது.

அய்யா சொம்புத் தண்ணீரை வேப்பமரத்து மூட்டில் மெல்ல ஊற்றினார். “ரெங்கா, ஒன் சினேகிதன் கை நனைக்க வரலையாம்” என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களத்துப் பக்கம் போய்விட்டார்.

ரெங்கன் தலையில் கை வைத்தான். “ஏலே, கோட்டிப் பயலே! நேத்துலருந்து அந்த மனுசன்கிட்டப் பேசிப் பேசி வாய் வலிச்சுப் போச்சு. கடைசில, ‘வரட்டும், எங்கையால தண்ணி குடுக்கேன்’னு சொன்னாரு. அதுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? பகை இருக்குற வீட்ல கை நனைக்க மாட்டாக. தண்ணி குடுத்து, அதை வாங்கிக் குடிச்சுட்டா எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். அவரு மன்னிச்சுட்டாருலே! நீதான் வேணாம்னுட்ட!”

நான் மன்னிப்புக் கேட்க நூற்றுச்சொச்சம் கிலோமீட்டர் வந்து, கிடைத்த மன்னிப்பை வேப்பமரத்துக்கு வார்க்கவிட்டேன்.

உண்மையைச் சொன்னேன். ரெங்கன் தலையிலிருந்து கையை எடுத்தான். “நோன்பா? அதைச் சொல்ல வேண்டியதுதான? நாங்க இருக்காத விரதமா? அமாவாசை, சஷ்டி, புரட்டாசிச் சனி. விரதம்னு ஒரு வார்த்தை சொன்னா எங்கப்பா காலத் தொட்டுக் கும்புட்டுருப்பாருலே!”

“சொல்லக் கூடாதுன்னு…”

“பொய் சொல்லலாமா?”

இதை என் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. தேவை இல்லாமலே மனதில் நின்றுவிட்டது.

எஸ்தரைக் காணோம். அடுப்பங்கரையில் இருந்தாள். அங்கே மாரீஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நிற்பது தெரியாமல் ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஒன்னயக் கஷ்டப்படுத்திட்டோம் மாரீஸ்வரி. இவுக அன்னைக்கு அந்த ஜெபத்தைச் சுருக்கிருந்தா…”

“அட, நீங்க வேறக்கா. எனக்கு அந்த ஜெபம் புடிச்சிருந்துச்சு.” மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். “என்ன சொன்னாகன்னு பாதி வெளங்கல. ஆனா அந்த இருவது நிமிசத்துல அண்ணன் எம்பேரை ஏழு தடவ சொன்னாக. நான் குனிஞ்சு உக்காந்து எண்ணிக்கிட்டே இருந்தேன். இந்த வீட்டுக்கு வந்து மூணு வருசம் ஆச்சு. ‘ஏ புள்ள’, ‘இந்தா’, ‘ரெங்கன் பொண்டாட்டி’. எம்பேரைச் சொல்லி மாமா ஒரு தடவ கூப்பிட்டதில்ல.”

எஸ்தர் எழுந்தாள். பானையில் சொம்பை முக்கி எடுத்தாள். வாசலுக்கு வந்தவள் என்னைப் பார்த்து, “வாங்க” என்றாள்.

“மணி பதினொண்ணுதான் ஆகுது எஸ்தர். ஆறு மணி வரைக்கும்…”

“ஆண்டவர் நாளைக்கும் இருப்பார். அய்யா கோபம் இன்னைக்கு ஆறலைன்னா மாரீஸ்வரி தட்டை எடுக்க முடியாது. என் உபவாசத்துக்கு நான் அவர்கிட்டப் பதில் சொல்லிக்கிறேன். நீங்க சொன்ன ரெண்டு பொய்க்கு நீங்க சொல்லிக்கோங்க.”

களத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். ஒரு கல்யாண ஜமுக்காளம் விரித்ததுபோல் அத்தனை சிவப்பு. அய்யா காலால் அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பக்கத்தில் போனோமோ இல்லையோ, நெடி ஏறியது. எங்கள் ஊரில் மிளகாயைக் கடையில் பார்ப்பதோடு சரி. எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது.

“அய்யா, எங்கள மன்… ஹச்! அன்னைக்கு நான் பண்ணுனது… ஹச்! தப்பு. கோபத்த எம்மேல… ஹச்!”

கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டியது. அவர் கிளறுவதை நிறுத்திவிட்டுப் பதறிப்போனார். “யப்பா, அழுகாதப்பா. ஆம்பளப் பிள்ள இப்பிடியா அழுகுறது?” நான் அது மிளகாய் என்று சொல்ல வாய் திறந்தேன். அன்றைக்கு மூன்றாவது பொய் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த தும்மல் முந்திக்கொண்டது. நான் சொல்லாததற்கு அந்தத் தும்மல் சாட்சி.

எஸ்தர் சொம்பை அவர் கையில் வைத்தாள். “அய்யா, நாங்க இன்னைக்கு விரதம். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்தோம். அதனால வந்த வினை. நீங்க குடுத்த தண்ணிக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியல. மறுபடி உங்க கையால ஊத்துங்க.”

“விரதத்தை முறிக்கக் கூடாதும்மா.” அவர் சொம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டார். “சாமி குத்தம் ஆயிரும்.”

“உங்க மனசை முறிச்சுட்டு எந்த விரதத்தை நான் கொண்டுபோய்ச் சாமிகிட்டக் காட்ட?”

மறைத்த சொம்பை அவர் மெல்ல முன்னால் கொண்டுவந்தார். பிறகு சரித்தார். எஸ்தர் ரெண்டு கையையும் குவித்துக் குடித்தாள். அடுத்து நான். அந்தத் தண்ணீரின் ருசியை எப்படி எழுதுவது? லேசாக உப்புக் கரித்தது. மிளகாய் நெடியில் பாதி மூக்கு வழியே வெளியே வந்தது. ஆனாலும் சொல்கிறேன், எங்கள் ஆற்றுத் தண்ணீருக்கு அந்த ருசி இல்லை.

“ஒண்ணு கேக்கணும் அய்யா,” என்றேன். “அன்னைக்கு நீங்க ஏன் என் தோளத் தட்டி நிப்பாட்டல? நீங்க பக்கத்துலதான நின்னீக?”

“சாமி கும்புடுறவனத் தொடலாமா? அது எந்தச் சாமியா இருந்தா என்ன?” என்றார். “கையில கடிகாரத்தை வச்சுக்கிட்டு முள்ளையே பாத்துக்கிட்டு நின்னேன். ஆனா தொட மனசு வரல.”

எஸ்தர் மெதுவாகச் சொன்னாள். “இவுக கண்ணை மூடிருந்தாக. நீங்க கண்ணைத் தெறந்துக்கிட்டு இருந்தீக. மாரீஸ்வரி குனிஞ்சு உக்காந்திருந்தா. மூணு பேர்ல ஒண்ணுமே செய்யாதது அவ ஒருத்திதான் அய்யா. இவுக அவ பேரை ஏழு தடவ சொன்னாகளாம். அதை மட்டும் எண்ணிருக்கா. இந்த வீட்டுல அதுக்கப்புறம் எண்ண ஒண்ணும் கெடைக்கலையாம்.”

அய்யா காலடியில் கிடந்த ஒரு மிளகாயை எடுத்து, காம்பைக் கிள்ளி, மறுபடி அதே இடத்தில் போட்டார். “சோறு தின்னு போட்டுப் பேசுவோம். வாங்க” என்று முன்னால் நடந்தார். கோபம் உள்ள இடத்தில்தான் குணமும் இருக்கும் என்பார்கள். இங்கே ரெண்டும் ஒரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தன.

கை நனைத்தால் முழுசாக நனைக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். குதிரைவாலிச் சோறு, அதற்கு நாட்டுக்கோழிக் குழம்பு. கோழியைப் பார்த்ததும் எங்கள் நாற்பது நாளும் கண்முன் வந்து நின்றது. எஸ்தர் என் காதில், “தண்ணிக்கே முறிச்சாச்சு, இனி என்ன” என்றாள். அய்யா பக்கத்தில் உட்கார்ந்து துண்டு துண்டாக என் இலையில் போட்டார். “போதும் அய்யா” என்றால், “மூணு வருசத்துக்கும் சேத்துத் தின்னு” என்றார். அருப்புக்கோட்டைச் சால்னாவில் கிடைக்காத கறி எல்லாம் இங்கே வந்து சேர்ந்திருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டு தாண்டி ரெண்டு நிமிஷம். இன்னும் மூன்று நிமிஷம் காத்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. நாங்கள் எல்லாரும் அந்த மூன்று நிமிஷமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா பத்திரிகைக் கட்டைப் பிரித்து, வெற்றிலை, பாக்கு, குங்குமத்தோடு தட்டில் வைத்துவிட்டு, யார் எடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

அய்யா தொண்டையைச் செருமினார். ஒருதரம், ரெண்டுதரம்.

“மாரீஸ்வரி,” என்றார். “தட்டை எடு.”

அடுப்பங்கரையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். ரெங்கன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் தட்டைப் பிடித்து, முதல் பத்திரிகையை எங்களிடம் நீட்டினார்கள். தட்டு சாய்ந்ததில் பாக்கு ரெண்டு உருண்டோடி மாட்டுத்தொழுவம் வரை போயிற்று. அம்மா அதை எடுக்கப் போகிற சாக்கில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“குடும்பத்தோட வந்துரணும்,” என்றார் அய்யா. “மைக்கை மட்டும் தொடக் கூடாது.” பிறகு ஏதோ யோசித்து, “இப்ப வேணா ஒரு ஜெபம் பண்ணுங்க. நீ வேணாம்ப்பா. அந்தப் பிள்ள பண்ணட்டும்” என்று எஸ்தரைக் காட்டினார். கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

எஸ்தர் மாரீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். “ஆண்டவரே, மாரீஸ்வரி சந்தோஷமா இருக்கணும். இந்த வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கணும். ஆமென்.”

அய்யா கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். “இம்புட்டுத்தானா?” என்றார், ஏதோ குறைத்துக் கொடுத்துவிட்டதுபோல.

சனி.

அன்று அவர்கள் எங்களை விடவில்லை. மறுநாள் காலை கிளம்பும்போது மிளகாய் ஒரு பை, குதிரைவாலி ஒரு பை, அதற்குமேல் ஒரு சேவல். சேவலை மட்டும் கெஞ்சித் திருப்பிக் கொடுத்தோம். அதே ஆட்டோ, அதே டிரைவர். “சமாதானம் ஆச்சா?” என்றார். “ஆச்சுண்ணே.” “ராகுகாலத்துலயா?” “ராகுகாலத்துலதான்.” அவர் வேகத்தைக் குறைத்தார். “அப்ப இனிமே நான் என்னத்தச் சொல்லி ஆளுகள வெரசா ஏத்துறது?” என்று வருத்தப்பட்டார்.

பஸ்ஸில் எஸ்தர் தோளில் சாய்ந்துகொண்டு, “குருவானவருக்கு உபவாசத்தை முறிச்சதையும் எழுதணும்” என்றாள். எழுதிவிட்டேன். அவர் என்ன சொல்வாரோ, இதழில் போடுவாரோ மாட்டாரோ, அவர் பாடு.

பந்தல்குடி தாண்டுகையில் ரெங்கன் போன் பண்ணினான்.

“ஏலே அருளு. காலைலருந்து அப்பா அவளப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. இவ அடுப்பங்கரைல நின்னு எண்ணிக்கிட்டு இருக்கா.”

“எத்தன?”

உள்ளே திரும்பிக் கேட்டான். ஒரு பெண் குரல் சிரித்தது.

“நாலாம். அதுல ஒண்ணு காப்பிக்குச் சீனி பத்தலைன்னு திட்டுனது.”

“அதுவும் சேருமா?”

மறுபடி உள்ளே கேட்டான்.

“சேருமாம்லே.”